அது படுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரோடு எனக்குச் சண்டை வந்தது. காரணம் ஒரு படிவம்.

டென்மார்க்கில், விபோர்க் நகருக்கு வெளியே, பன்றிப் பண்ணைகளுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவில் இருந்த சிறிய தொழிற்சாலை அது. வெப்ப உணரிகள் செய்தோம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகள் அல்ல. சுடுநீர்க் குழாய்களுக்குள்ளும் நிலத்தில் போட்ட ஆழத் துளைகளுக்குள்ளும் வருடக்கணக்காகக் கிடந்து, சூட்டை அளந்து அனுப்பிக்கொண்டிருப்பவை. விரல் நீளத்தில் ஓர் உருக்குக் குழாய். அதற்குள் தலைமயிரிலும் மெல்லிய பிளாட்டினக் கம்பி. பழுதாகித் திரும்பி வருபவற்றை அவர் சோதிப்பார். சோதித்த படிவத்தை நான் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: நல்லது, திருத்தலாம், கழிவு.

அவருடைய படிவங்களில் மூன்றாவது கட்டம் எப்போதும் வெறுமையாக இருந்தது. அதன் கீழே பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் கீறி, அதற்குப் பக்கத்தில் தமிழில் ‘பொறு’ என்று எழுதியிருந்தார். எங்கள் சேஃப், அதாவது மேலாளர், ஒரு டேனிஷ்காரர். அதை ஏதோ தொழில்நுட்பக் குறியீடு என்று நினைத்து இரண்டு வருடங்களாக ஒன்றும் கேட்காமல் விட்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் அதை வாசிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் நான்.

“அன்ரி, இப்பிடி ஒரு கட்டம் படிவத்தில இல்லையே” என்றேன்.

“அன்ரி எண்டா வேலை செய்ய மாட்டன். அக்கா எண்டு சொல்லும்.”

“சரி அக்கா. இந்தப் பதினொண்டும் செத்துப் போச்சு. ஒண்டிலையும் வாசிப்பு இல்லை. கழிவு எண்டு போடுங்கோ.”

“எவ்வளவு நேரம் பாத்தனீர்?”

“கைநூலில இருவது நிமிஷம் எண்டு கிடக்கு.”

“கைநூல் எழுதினவனுக்கு வீட்டை போற அவசரம்” என்றார்.

அவருடைய முறை இதுதான். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குடுவைக்குள் உணரியை இறக்குவார். நலமான உணரி அதற்குள் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்து பனிக்கட்டியை மாற்றிவிட்டு மறுபடியும் பார்ப்பார். மூன்று நாள், நான்கு நாள். பத்தில் ஒன்று எழும்பும். ஈரம் காய்ந்தோ, எங்கோ விலகியிருந்த கம்பி தன்பாட்டில் தொட்டுக்கொண்டோ, திடீரென்று எண் ஒன்று மின்னும். மற்ற ஒன்பதும் எழும்பா. அவற்றையும் அவர் எறிவதில்லை. சுவரோரத் தட்டில் அடுக்கி வைப்பார்.

நான் டென்மார்க்கிலேயே, இக்காஸ்ட் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். எதையும் பட்டியல் போட்டு முடித்தால்தான் நித்திரை வரும். முடியாத பட்டியல் ஒன்றோடு ஒரு மனுசி நிம்மதியாக இருப்பதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் திருகோணமலைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், ஆண்களின் வேலைச் சப்பாத்து, காதில் சிறிய கல்லுத்தோடு. டேனிஷ் நன்றாகப் பேசுவார். ஆனால் எங்கள் யூலாந்துப் பக்கத்து விவசாயிகள் மாதிரி பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார். எனக்கு அவர் பெயர் தெரியும். எழுதப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

அந்த நவம்பரில் தொழிற்சாலை வாசலில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், ஒரு முள்ளெலி உருண்டு கிடந்தது. குளிர்காலம் முழுக்கச் செத்தது போல உறங்குகிற பிராணி அது. களஞ்சியத்தில் வேலை செய்கிற டேனிஷ் பெண் சப்பாத்து நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. “செத்துப்போச்சு, பாவம்” என்று சொல்லி மண்வெட்டி எடுக்கப் போனார். இவர் அதற்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

“அக்கா, கூட்டத்துக்கு நேரமாச்சு.”

“நீர் போம். நான் வாறன்.”

கூட்டம் முடிந்து வந்து பார்த்தேன். அதே இடத்தில் குந்தியிருந்தார். மண்வெட்டியோடு அந்தப் பெண்ணும் நின்றார். “ஒருக்கா மூச்சு விட்டது” என்றார் இவர். வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. மண்வெட்டிக்காரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இவர் பீச் மரச் சருகுகளை இரண்டு கையாலும் அள்ளி வந்து, முள்ளெலியை மூடி, மேலே ஒரு பழைய மரத்தட்டைச் சாய்த்து வைத்தார். ஏப்ரலில் தூக்கிப் பார்த்தபோது குழி மட்டும் இருந்தது.

“நரி தின்றிருக்கும்” என்றார் களஞ்சியப் பெண்.

“இருக்கலாம்” என்றார் இவர்.

வேறொருவர் என்றால் ‘பார்த்தீர்களா, எழும்பிப் போய்விட்டது’ என்று சொல்லியிருப்பார். இவர் சொல்லவில்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கவில்லை. தெரியாததைத் தெரியாதது என்று விட்டுவைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அது எங்கிருந்து வந்தது என்பது மே மாதத்தில் எனக்குத் தெரிந்தது. ரண்டர்ஸ் நகரத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். கையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு பெட்டி. எங்கள் சாப்பாட்டறை மேல்மாடியில். படி ஏறி வந்தவர் கதைக்க முடியாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு சற்று நீலம் பாரித்திருந்தது. மூச்சு வந்ததும் முதல் கேள்வி என்னிடம்தான்.

“பிள்ளை எவடம்?”

“இக்காஸ்ட், மாமா.”

“ஆற்ற மகள்?”

அப்பாவின் பெயரைச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் எங்களுக்குள் ஒரு தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். திருப்தியோடு எனக்கு இரண்டு ரோல்ஸ் எடுத்துத் தந்துவிட்டு, தங்கையின் பக்கம் திரும்பினார்.

“ரிக்கற் போட்டிட்டன். யூலை கடைசியில வெளிக்கிடுறன். ஒபரேசன் செப்டெம்பரில. டொக்டர் போகலாம் எண்டுதான் சொல்லுறார், ஆனா முகத்தைப் பாத்துச் சொல்லுறாரில்லை.”

“போட்டு வாங்கோ. ஆர் மறிச்சது?”

“நான் சும்மா போகேல்லை. கன்னியாவில தம்பிக்குச் செய்யப் போறன்.”

நான் எழும்பப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

கன்னியா திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற வெந்நீரூற்று. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. குனிந்தாலே வாளியில் அள்ளி ஊற்றலாம். ஊர்ச்சனம் இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்வதும் அங்கேதான். தாயின் கடனைக் கழிக்க இராவணன் வாளால் குத்தித் திறந்த ஊற்றுகள் என்று கதை. தம்பி என்பவர் இவர்கள் இருவருக்கும் இளையவர். பத்தொன்பது வயதில், சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர். அக்கா படலையில் நின்று பார்த்திருக்கிறார். தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. சைக்கிளும் இல்லை.

“எந்தத் திதிக்குச் செய்யப் போறியள்?” என்று கேட்டார் இவர்.

அண்ணன் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். “திதி தெரியாட்டி அமாவாசையில செய்யலாமாம். ஐயரிட்டக் கேட்டனான். ஆடி அமாவாசை.”

“அவன் அமாவாசையில செத்தவனோ? ஆர் பாத்தது?”

“முப்பது வருசத்துக்கு மேல போச்சு.”

“போகட்டும்.”

“நான் கண்ணை மூடுறதுக்குள்ள செய்யாட்டி, அவனுக்கு ஆர் செய்யப் போறது? என்ர பெடியளுக்குத் தமிழே ஓடாது. டேனிஷில மந்திரம் சொல்லுவாங்களோ?”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“நீ ஓம் எண்டு சொன்னாத்தான் செய்வன்” என்றார் பிறகு. “கடைசியாக் கண்டது நீ. உன்ர வாயால வராம என்னால தண்ணி வாக்க ஏலாது.”

இவர் ரோல்ஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். “பொறுங்கோ அண்ணை.”

“எனக்குப் பொறுக்க நேரம் இல்லையடி, தங்கச்சி.”

அண்ணனைக் காருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர், நேரே போய்க் குடுவைகளில் பனிக்கட்டியை மாற்றத் தொடங்கினார்.

யூன் மாதம் ஐஸ்லாந்திலிருந்து தகவல் வந்தது. ஹெங்கில் எரிமலைத் தொகுதியில், ஆவி கக்கும் சரிவு ஒன்றில், ஆழமில்லாத துளைக்குள் எங்கள் உணரி ஒன்று இரண்டு வருடங்களாக இருந்தது. மாசி மாதத்திலிருந்து அது ஒன்றும் அனுப்பவில்லை. நான் பட்டியலில் கழிவு என்று குறித்தேன். புதியதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். சேஃப் என்னைப் போகச் சொன்னார். எந்தக் காலத்திலும் எதையும் கேட்காத அக்கா அவருடைய அறைக்குள் போய், தானும் போக வேண்டும் என்று கேட்டார். ஏன் என்று சேஃப் கேட்டாராம். “அது செத்ததோ எண்டு பாக்க” என்று சொன்னாராம்.

என் பெட்டியில் இருந்தவை: புதிய உணரி, முறுக்குச்சாவிகள், மின்தடை அளக்கும் மானி, கையுறை நான்கு சோடி, அழுகிய முட்டை மணக்கிற வாயு கூடினால் கத்தும் கருவி. அவர் பெட்டியில் இருந்தவை எனக்குத் தெரியாது. விமான நிலையத்தில் அதைத் திறக்கச் சொன்னார்கள். சாரத்தில் சுற்றிய பித்தளைச் செம்பு ஒன்று வந்தது. பாதுகாப்பு அலுவலர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன?”

“குளிக்கிறதுக்கு” என்றார் இவர் டேனிஷில்.

அலுவலர் செம்பையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போகவிட்டார். தம்பிக்கான காரியத்தை அங்கேயே தனியாகச் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். கொதிக்கிற ஊற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது, நிலத்தின் மேல்தோல் மெல்லியது, கீழே கொதிசேறு. சொல்ல வேண்டியதையெல்லாம் விமானத்தில் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கடைசியில் வாய் திறந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வை!

“விசரே உமக்கு? ஊத்துத் தண்ணி எண்டா அள்ளி ஊத்திக் குளிக்கச் செம்பு வேண்டாமோ?”

அங்கே வெந்நீர் ஆறாக ஓடும், நீச்சலுடை போட்டுக்கொண்டு அதற்குள் படுப்பார்கள் என்று சொன்னேன். “படுக்கிறதோ? சனத்துக்கு முன்னாலயோ?” என்று வாயில் கை வைத்தார்.

எங்களைக் கூட்டிப்போன ஐஸ்லாந்துக்காரர் உயரமானவர், அவசரமில்லாதவர். பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷ் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். அக்காவும் அவரும் என்னைவிட நன்றாகப் பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் அது பிறகு வந்த மொழி. இருவருமே அதை மரியாதையாகக் கையாண்டார்கள்.

ஹெங்கிலைப் பற்றி நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒரு மலையின் பெயர் என்றாலும் அது ஒரு கூட்டம். பல மேடுகள், நீளமான பிளவுகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அடுப்பு. கடைசியாகக் கக்கி ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்கள். எண்கள் எல்லாம் மனப்பாடம். மேட்டைத் தாண்டி அந்தச் சரிவைக் கண்டபோது அவற்றில் ஒன்றும் துணைக்கு வரவில்லை.

நிலம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பச்சைப் பாசி படர்ந்த மலைப்பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் உரித்தெடுத்தது போல வெறுமை. சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாகக் களி. அதில் இருபது முப்பது இடங்களில் வெள்ளை ஆவி நின்றது. ஒன்று பிரஷர் குக்கர் போலச் சீறியது. ஒன்று முணுமுணுத்தது. ஒரு குழியில் சாம்பல் நிறச் சேறு கூழ் போலப் புடைத்து, உடைந்து, மறுபடி புடைத்தது. காற்று திரும்பும்போதெல்லாம் மலை முழுக்க மறைந்து, திரும்பவும் வந்தது. சப்பாத்துக்குள்ளால் காலில் சூடு ஏறியது. சரிவின் நிழல் பக்கத்தில், பத்தடி தள்ளி, போன மாரியின் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. நாங்கள் வாழ்வது எதற்கு மேல் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. டென்மார்க்கில் நிலம் என்றால் கிழங்கு விளைவது.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் விட அமைதியாக நின்றார். பிறகு ஐஸ்லாந்துக்காரரிடம் கேட்டார்.

“இது செத்த மலையா?”

“இல்லை. உறங்குகிறது.”

“எப்போதிருந்து?”

“மனிதர் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பிருந்தே.”

“அப்படியென்றால், இது படுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார். “இல்லை” என்றார். “ஒருவரும் பார்க்கவில்லை.”

துளையின் மூடியைத் திறந்து உணரியை மேலே இழுத்தோம். முப்பது மீற்றர் வடம், மூன்று பேர். வடத்துக்குள் இருந்த செப்புக் கம்பி வாயு பட்டுக் கரிக்கட்டையாகியிருந்தது. மேலே இருந்த பதிவுப் பெட்டிக்கு மடிக்கணினியைச் செருகினேன். நினைவகம் தப்பியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்பாக, இரண்டு வருடங்களின் எண்கள் ஓடின. கடைசி எண்: தொண்ணூற்றாறு தசம் நான்கு. நேரம்: மாசி மாதத்து விடியற்காலை, நான்கு மணி பத்து நிமிடம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“முடிஞ்சுது அக்கா” என்றேன்.

“பொறும்.”

செம்பை எடுத்துக்கொண்டு பனி கிடந்த பக்கம் போனார். பனியை நிரப்பி, போத்தல் தண்ணீரை அளவாக ஊற்றி, கையால் கிளறி, உணரியை இறக்கினார். மானியை மாட்டினார். அப்புறம் பனி உருகிவிடாமல் செம்பைப் பாசி மேல் வைத்து, அதற்கு முன்னால் குந்தினார். ஐஸ்லாந்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவரும் குந்தினார். பிறகு நானும் குந்தினேன்.

ஒரு மணித்தியாலம். இரண்டு தடவை பனி மாற்றினார். மழை தூறி விட்டது. ஆவி எங்கள் மேல் வந்து, போய், வந்தது. மானி ஒன்றும் காட்டவில்லை. நான் பேசவில்லை. வருடத் தொடக்கத்தில் என்றால் பேசியிருப்பேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரின் முகத்தில் சலிப்பு வரும், அல்லது ஆசை வரும். இவர் முகத்தில் இரண்டும் இல்லை. அந்தச் சரிவிலே நான் கண்ட பெரிய அதிசயம் எது என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தடுமாற்றம்தான்.

கடைசியில் உணரியை எடுத்துத் துடைத்தார்.

“ஓம். இது செத்துப் போட்டுது” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

“நாலு மணி பத்து நிமிஷம், என்ன?”

“ஓம் அக்கா.”

“குடுத்து வைச்சது.”

அது நின்ற நிமிடம் பதிவில் இருக்கிறது, தம்பிக்கு அப்படி ஒன்று இல்லை என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அதற்குள் அவர் இரண்டு கையையும் காட்டினார். முழங்கை வரை களி. “என்ர போனை எடும். சட்டைப் பைக்குள்ள கிடக்கு. அண்ணைக்குப் போடும். சத்தமா விடும்.”

போனை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். இரண்டாவது மணியிலேயே அண்ணன் எடுத்தார்.

“எங்க நிக்கிறாய்? ஒரே காத்துச் சத்தம்.”

“காத்தில்லை அண்ணை. நிலம் ஊதுது.”

“என்னடி விசர்க் கதை?”

“அண்ணை, தம்பிக்குச் செய்யுங்கோ. அமாவாசைக்கே செய்யுங்கோ.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

“நீ ஓம் எண்டு சொல்லுறியோ?”

“உங்களுக்கு ஓம் எண்டு சொல்லுறன். உங்களுக்கு நேரம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனா நான் எனக்குச் சொல்லேல்லை. நான் அவனைப் பாத்துக்கொண்டுதான் இருப்பன். அதை நீங்களோ அண்ணியோ ஒருத்தரும் மறிக்கக் கூடாது.”

“நான் ஏன் பிள்ளை மறிக்கிறன்…”

“பொறுங்கோ. ஐயர் நட்சத்திரம் கேப்பார். பூரட்டாதி. நீங்கள் எப்பவும் உத்தரட்டாதி எண்டு மாறிச் சொல்லுவியள். பூரட்டாதி. எழுதுங்கோ.”

“எழுதுறன்.” குரல் உடைந்திருந்தது.

“ஏழு கிணத்திலயும் அள்ளி ஊத்துங்கோ. கூடச் சுடுற கிணத்தில கனக்க அள்ளுங்கோ. அவன் அதுக்குத்தானே ஓடுறவன்.”

அண்ணன் அழுகிற சத்தம் அந்தச் சரிவில் எல்லாருக்கும் கேட்டது. ஐஸ்லாந்துக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அக்கா அழவில்லை. “மருந்தை நேரத்துக்குப் போடுங்கோ. வைக்கிறன்” என்றார். நான் அணைத்தேன். பிறகு புதிய உணரியை இறக்கினோம். மூடியை இறுக்கியது அவர்தான்.

அண்ணன் யூலைக் கடைசியில் வெளிக்கிட்டார். ஆடி அமாவாசை ஒரு வேலைநாளில் வந்தது. அக்கா லீவு எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வழக்கம் போல வந்து பனிக்குடுவைகளை நிரப்பினார். அந்த நேரத்துக்குக் கன்னியாவில் வெயில் ஏறியிருக்கும், கிரியை தொடங்கியிருக்கும். நான் அடிக்கடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை.

வீட்டில் இறந்தவர்களுக்குத் தண்ணீர் வார்க்கிற நாளில் நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. இக்காஸ்டில் அம்மா அன்று அடுப்பையே கழுவித்தான் பற்ற வைப்பார். நான் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுபோயிருந்தேன். அக்காவுக்கும் சேர்த்து, இரண்டு பேருக்கு.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டறைக்குப் போனோம். நான் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் மெல்ல என் பக்கமே திருப்பித் தள்ளினார். பிறகு தன் பையிலிருந்து கறுப்பு ரொட்டி இரண்டு துண்டும் ஒரு போத்தலும் எடுத்தார். கறித்தூள் போட்டு ஊறவைத்த ஹெரிங் மீன், கடையில் விற்பது. அதைக் கறி என்று சொல்வதற்காகவே டேனிஷ்காரரைப் பழிப்பவர் அவர். கரண்டியால் மீனை அள்ளி ரொட்டி மேல் வைத்தார். ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவர் துக்கம் காக்கவில்லை. அண்ணன் அங்கே தம்பியை அனுப்பி வைத்திருக்கிறார். இவர் இங்கே அனுப்பவில்லை. அதை ஒருவருக்கும் சொல்லாமல், உலகத்தின் எதிரில் வைத்துச் செய்துகொண்டிருந்தார். கடித்தார். மென்றார். விழுங்குவதற்கு வெகுநேரம் எடுத்தது. கழுத்து நரம்பு புடைத்து இறங்கியது. மறுபடி கடித்தார்.

பாதியில் போன் அடித்தது. என்னைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

“முடிஞ்சுது தங்கச்சி” என்று அண்ணனின் குரல் வெளியே கேட்டது. “எல்லாம் வடிவா முடிஞ்சுது. இப்பதான் சாப்பிட்டு எழும்பினன்.”

“சரியான வெயிலோ?”

“கொளுத்துது.”

“அப்ப நிழலில இருங்கோ. தண்ணி குடியுங்கோ.”

“நீ என்ன செய்யிறாய்?”

“சாப்பிடுறன்.”

என்ன சாப்பாடு என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “சாப்பிடு பிள்ளை” என்றார்.

போனை வைத்தார். இரண்டாவது ரொட்டியை எடுத்தார். மீன் துண்டு ஒன்று மேசையில் விழுந்தது. அதைப் பொறுக்கித் திரும்ப ரொட்டியில் வைத்துத் தின்றார். கடைசித் துணுக்கு வரை தின்று முடித்து, எழும்பி, போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வாரும், வேலை கிடக்கு” என்று சொல்லிப் படி இறங்கினார்.